கோழி ஊரில் ரசஞ்சோறு

நாளிதழ்களில் முட்டை விலைக்கு நாமக்கல், கறிக்கோழி விலைக்குப் பல்லடம் என்று இரண்டு ஊர்ப் பெயர்கள் நாள் தவறாமல் அடிபடும். பல்லடத்தில் இருக்கும் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு, ஊரார் வாயில் பி.சி.சி., உயிர்க்கோழி கிலோ இவ்வளவு என்று பண்ணைக் கொள்முதல் விலையை அறிவிக்கிறது. அதைப் பார்த்துத்தான் தமிழ்நாட்டுக் கறிக்கடைகளின் விலைப்பலகை மாறுகிறது. பல்லடத்திலிருந்து எந்தத் திசையில் போனாலும் தென்னந்தோப்புக்கு நடுவில் நீளமான கோழிக்கொட்டகை ஒன்று தென்படும். கொட்டகை தென்படாத இடத்தில் காடா துணி நெய்யும் விசைத்தறிச் சத்தம் கேட்கும். வடக்கே கொஞ்ச தூரத்தில் திருப்பூர், அதன் பனியன் கம்பெனிகள். வேலைக்குப் பஞ்சமில்லாத வட்டாரம்.

இதே ஊரில், மதியம் ஒரு மணிக்கு, எழுபது வயதைத் தாண்டியவர்களின் தட்டில் என்ன இருக்கிறது? மகன் தறிக்குடோனில். மருமகள் கம்பெனியில், செக்கிங் வேலை. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். காலை ஆறு மணிக்கு வடித்த சோறு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. அப்பத்தா இரண்டு கரண்டி போட்டு, ரசத்தை ஊற்றிப் பிசைந்து, நாலு வாய் தள்ளிவிட்டுக் கையைக் கழுவிவிடுவார். பொரியலைத் தொட்டிருக்க மாட்டார். ஆறிப்போன பீன்ஸை மெல்லப் பல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கோழி எடுத்தாலும் "எனக்கெதுக்குக் கண்ணு கறி? வயசான காலத்துல செரிக்குமா? நீ சாப்புடு" என்று பேரன் தட்டுக்குத் துண்டுகளைத் தள்ளிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வார். இதை அன்பு என்று சொல்வதா, பழக்கம் என்று சொல்வதா, தெரியவில்லை. இரண்டும் கலந்ததுதான்.

அவருடைய ஒருநாள் சாப்பாட்டைக் கூட்டிப் பார்க்கலாம். காலையில் மூன்று இட்லி: ஒன்றுக்கு இரண்டு கிராம் வீதம் புரதம் ஆறு கிராம். மதியம் ஒன்றரைக் கிண்ணம் ரசஞ்சோறு: இன்னொரு ஆறு. நாலு மணிக்கு டீயும் பன்னும்: ஐந்து. இரவு இரண்டு இட்லியோ ஒரு டம்ளர் கஞ்சியோ: நான்கு. சட்னி, சாம்பார் என்று தாராளமாக மூன்று சேர்த்தாலும் 24 கிராமைத் தாண்டவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் வேண்டும் என்கிறது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம். அப்பத்தாவுக்குக் கிடைப்பது அதில் பாதி.

அந்த 0.83 கூட இளையவர், முதியவர் என்று பிரிக்காமல் பொதுவாகச் சொன்ன அளவு. முதியோர் மருத்துவத்தில் ஊறிய பன்னாட்டு வல்லுநர்கள் 'புரோட்-ஏஜ்' என்ற பெயரில் ஒரு குழுவாகக் கூடி, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும், நோயில் விழுந்தால் 1.2 முதல் 1.5 வரை வேண்டும் என்று 2013-இல் பரிந்துரைத்தார்கள். நம் வீட்டு நினைப்புக்கு இது நேர் எதிர். வேலை குறைந்துவிட்டது, அதனால் சாப்பாடும் குறையலாம் என்பது அரிசிக்கும் எண்ணெய்க்கும் பொருந்தும். புரதத்துக்குப் பொருந்தாது.

காரணம் தசை. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. அறுபதைத் தாண்டியதும் வேகம் கூடுகிறது. எடை மெஷினில் ஏறினால் இது தெரியாமல் போகலாம், ஏனென்றால் தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்து கணக்கைச் சரிசெய்துவிடும். சார்கோபீனியா என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தத் தசை இழப்பை நீண்ட காலம் யாரும் நோயாக எண்ணவில்லை. மூப்பின் இயல்பு என்றே விட்டார்கள். அமெரிக்க நோய்க் குறியீட்டுப் பட்டியலில் அதற்கென்று தனி எண் கிடைத்ததே 2016-இல்தான்.

படுக்கையில் கிடந்தால் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் சராசரி வயது 67 உள்ள, எந்த நோயும் இல்லாத 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2007-இல் வெளிவந்தது: கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. பத்தே நாள். அவர்கள் ஆரோக்கியமானவர்கள், மூன்று வேளையும் சாப்பிட்டவர்கள். வைரஸ் காய்ச்சலில் பத்து நாள் கிடந்த நம் வீட்டுப் பெரியவருக்கு என்ன கொடுக்கிறோம்? அரிசிக் கஞ்சி, பிரெட், இளநீர், கொஞ்சம் பழச்சாறு. உடலுக்குப் புரதம் அதிகம் வேண்டியிருக்கும் நாட்களில், வருடத்திலேயே மிகக் குறைவாகக் கொடுக்கிறோம். காய்ச்சல் விட்டபின் 'காலே வசத்துக்கு வரமாட்டேங்குது' என்று அவர் சொல்வதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. சாப்பிட்ட புரதத்தைத் தசையாக மாற்றும் வேலையில் முதிய உடல் மந்தமாகிவிடுகிறது. கனடா ஆய்வாளர்கள் முன்னின்று 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு வேளையில் தசை கட்டும் வேலை முழு வேகம் பிடிக்க இளைஞர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.24 கிராம் புரதம் போதுமாயிருந்தது. எழுபதை ஒட்டிய ஆண்களுக்கு 0.40 கிராம் வேண்டியிருந்தது. 55 கிலோ எடைக்கு இது ஒரு வேளைக்கு 22 கிராம். ரசஞ்சோறு தரும் ஆறு கிராம், உடலுக்கு வேலையைத் தொடங்கச் சொல்லும் அளவுக்குக்கூடப் போதாது.

தமிழ்நாட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் 10.4 சதவீதமாக இருந்த அறுபது வயதைத் தாண்டியவர்கள், தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் கணிப்பின்படி 2021-இல் 13.6 சதவீதம், 2031-இல் 18.2 சதவீதம் ஆவார்கள். இந்தியா முழுவதும் 72,000 பேரைச் சந்தித்து 2017-18-இல் நடத்திய 'லாசி' என்ற முதுமை ஆய்வில், அறுபதைத் தாண்டியவர்களில் 27 சதவீதம் பேர் எடை குறைந்தவர்களாகவும் 22 சதவீதம் பேர் எடை கூடியவர்களாகவும் இருந்தார்கள். இரண்டு கூட்டத்திலும் தசை குறைந்தவர்கள் இருக்க முடியும். பருத்த உடம்புக்குள்ளும் மெலிந்த தசை ஒளிந்திருக்கும்.

*

இந்தியாவின் ஊட்டச்சத்து அறிவியல் பிறந்த இடம் பல்லடத்துக்கு அப்படியொன்றும் தொலைவில் இல்லை. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் குன்னூர். 1918-இல் அங்கே பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த அறைதான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து மெக்காரிசன் ஒப்பிட்டார். கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி அடங்கிய பஞ்சாபி உணவு தின்ற எலிகள் நன்றாக வளர்ந்து முதலிடம் பிடித்தன. தீட்டிய அரிசியும் மிகக் குறைந்த பாலும் பருப்பும் கொண்ட சென்னை மாகாண உணவு தின்றவை கடைசி. தமிழர்கள் இதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அது ஏழைகளின் அன்றைய சாப்பாடு. ஆனால் வசதி வந்து, வீட்டில் ஃபிரிட்ஜும் பைக்கும் வந்தபிறகும் வயதானவர்களின் தட்டு ஏறக்குறைய அந்தச் சாப்பாட்டிலேயே நிற்கிறது என்பதுதான் யோசிக்க வேண்டியது.

குன்னூரில் ஆராய்ச்சி தொடங்கிய அதே 1918-இல் சேலத்தில் பிறந்தவர் சி. கோபாலன். பின்னாளில் ஹைதராபாத் நிறுவனத்தின் இயக்குநராக இருந்து, இந்திய ஊட்டச்சத்து ஆய்வுக்கே முகமாக விளங்கியவர். நூறு வயதைக் கடந்து 2019-இல் மறைந்தார். உலகமே 'ஏழை நாடுகளின் குழந்தைகளுக்குப் புரதம் போதவில்லை' என்று புரத மாவுக் கலவைகளின் பின்னால் ஓடிய காலத்தில், குழந்தைகளுக்கு முதலில் போதாதது சோறுதான் என்று எதிர்க்குரல் கொடுத்தவர்களில் அவர் முன்னவர். வயிற்றுக்கு வேண்டிய ஆற்றல் கிடைக்காவிட்டால், உடல் புரதத்தையே எரித்து ஆற்றலாக்கிக்கொள்ளும். வீடு கட்ட வாங்கிய மரத்தை அடுப்புக்கு வெட்டுவது போல.

முதியவர்களுக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தும். சர்க்கரை என்று தெரிந்ததும் 'சோத்தைக் குறைச்சிரு' என்ற ஒரு வாக்கியம் எல்லார் வாயிலும் வருகிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியாப்' ஆய்வு 2023-இல் கண்டது. அறிவுரைக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் சோற்றைக் குறைத்த இடத்தில் எதையும் வைக்காமல் விட்டால், நாற்பத்தைந்து கிலோ எடையில் இருக்கும் ஒரு பாட்டி நாற்பதுக்கு வருவார். ஒரு கரண்டி சோறு குறைந்தால் ஒரு கரண்டி பருப்பு ஏற வேண்டும். கோதுமை தோசைக்கும் ஓட்ஸ் கஞ்சிக்கும் மாறுவது இந்தக் கணக்கில் பெரிய மாற்றம் இல்லை. மாவுக்குப் பதில் மாவு.

ஏற வேண்டிய அந்தக் கரண்டி கொங்குச் சமையலில் தலைமுறைகளாக இருக்கிறது. அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கும் அரிசிம்பருப்புச் சோறு, தட்டப்பயறுக் குழம்பு, பச்சைப்பயறு கடைசல், கொள்ளுப் பருப்பு. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது என்பதைச் சோதனைக்கூடம் பிறகு சொன்னது. அரிசிம்பருப்புச் சோறு அதற்கு முன்பே அடுப்பில் இருந்தது.

கொள்ளுக்குத்தான் கொஞ்சம் அநியாயம் நடக்கிறது. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியை நம்பி, மெலிந்த முதியவர்களுக்குக் கொள்ளு ஆகாது என்று ஒதுக்குகிற வீடுகள் உண்டு. எள்ளைப் பற்றிச் சொன்னது நியாயம். எண்ணெய் நிறைந்தது, கொஞ்சம் தின்றாலும் ஆற்றல் மிகுதி. ஆனால் கொள்ளு மெலிய வைக்கும் என்று நம்ப வலுவான சான்று எதுவும் இல்லை. நூறு கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, துவரைக்குச் சமமாக. இன்னொரு தவறு, கொள்ளை வேகவைத்த தண்ணீரில் ரசம் வைத்து அதைப் பெரியவருக்கு ஊற்றிவிட்டு, வெந்த கொள்ளை மற்றவர்கள் தின்பது. ரசம் மணக்கும், பசியைக் கிளப்பும், தொண்டைக்கு இதம். புரதத்தில் பெரும்பங்கு வெந்த பருப்பில்தான் நின்றுவிடுகிறது.

ஆட்டுக்கால் சூப்பும் இந்த வகைதான். கால் வலிக்குக் கால் என்று ஞாயிறு காலையில் வாங்கிவந்து இரண்டு மணி நேரம் கொதிக்கவிடுவார்கள். எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் இறங்குவது கொலாஜன். அதில் டிரிப்டோபான் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் அறவே இல்லை. மற்ற சிலதும் குறைவு. அதை மட்டும் நம்பித் தசை கட்ட முடியாது. மிளகு தூக்கலாகப் போட்ட சூப்பை ருசிக்காகக் குடிக்கலாம், தடையில்லை. கூடவே கறியும் வேண்டும்.

கறி என்றதும் பல்லடத்திலேயே ஒரு தயக்கம் எழும். 'பிராய்லர் கோழிக்கு ஊசி போட்டு வளர்க்கிறாங்க' என்ற பேச்சு, கோழிப்பண்ணைக்கு அடுத்த தெருவில்கூடக் கேட்கும். நாற்பது நாள் சொச்சத்தில் இரண்டு கிலோ வருவது ஹார்மோன் ஊசியால் இல்லை. பல தலைமுறைகளாக வேகமாக வளரும் கோழிகளையே பொறுக்கி இனம் சேர்த்ததாலும், மக்காச்சோளமும் சோயாவும் அளந்து கலந்த தீவனத்தாலும். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், தீவனத்தில் கலந்தால் வயிற்றில் செரித்துப்போகும். கொட்டகைக்குப் பல்லாயிரம் கோழிகள் இருக்கையில் ஒவ்வொன்றையும் பிடித்துத் திரும்பத் திரும்ப ஊசி போட்டால் எந்தப் பண்ணைக்காரருக்கும் கட்டாது. கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில்: ஆன்டிபயாடிக். டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் டெல்லி வட்டாரத்தில் சோதித்த 70 கோழிக்கறி மாதிரிகளில் 40 சதவீதத்தில் அதன் எச்சம் இருந்தது. மனிதர்களுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கோலிஸ்டினைக் கால்நடைகளுக்குக் கொடுப்பதை மத்திய அரசு 2019-இல் தடை செய்தது. இந்தக் கேள்வியை உற்பத்தியாளர்களிடமும் அரசிடமும் விடாமல் கேட்க வேண்டும். ஆனால் அதற்காக, எலும்பில்லாத 75 கிராம் வெந்த கோழிக்கறி ஒரே வேளையில் தரும் 20 கிராம் புரதத்தை எழுபது வயதுக்காரர் இழக்கத் தேவையில்லை.

*

பல் இல்லாதவர் எதை மெல்வது என்பது அடுத்த கேள்வி. கடைசல் பிறந்ததே அதற்காகத்தானோ என்று தோன்றும். பச்சைப்பயறை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, கழுவி, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், இரண்டு பச்சைமிளகாய், ஒரு தக்காளியோடு குழைய வேகவைக்கிறார்கள். அடிகனமான மண்சட்டியில் கொட்டி, தண்ணீரைத் தனியே வடித்துவைத்துவிட்டு, பருப்பு மத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டிக் கடைவார்கள். தண்ணீர் மிகுந்தால் பயறு மத்துக்குச் சிக்காமல் நழுவும், அதனால்தான் வடிப்பது. பயறு நசுங்கி ஒன்றோடொன்று பிடிக்க ஆரம்பித்ததும் வடித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். கடைசியில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, கொத்தமல்லி தூவி, சோற்றில் குழி பறித்து ஊற்றினால் பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக்கூடச் சாப்பிடலாம். நாற்பது கிராம் பயறு ஓர் ஆளுக்கு. அதில் புரதம் ஒன்பது கிராமுக்குக் குறையாது.

'பயறு வாயு' என்ற புகாரில் உண்மை உண்டு. பயறுகளில் உள்ள ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றை நொதிக்கவைப்பதால் காற்று உண்டாகிறது. இரவு ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் கணிசமாகக் குறையும். முளைகட்டினால் இன்னும் குறையும். திடீரென்று ஒரு கிண்ணம் போடாமல் முதல் வாரம் இரண்டு ஸ்பூனில் தொடங்கினால் வயிறும் பழகிக்கொள்ளும். கோழியைக் கொத்துக்கறி ஆக்கலாம். நிலக்கடலையை மெல்ல முடியாதவருக்குக் கடலைச் சட்னி இருக்கிறது, முப்பது கிராம் கடலையில் ஏழு கிராம் புரதம்.

பழைய 24 கிராமோடு ஒரு கரண்டி கடைசல், ஒரு முட்டை, ஒரு டம்ளர் கெட்டித் தயிர், கொஞ்சம் கடலைச் சட்னி. ஐம்பதைத் தொட்டாயிற்று. பெரிய டப்பாவில் படம் போட்டு விற்கும் புரதப் பவுடர் இல்லாமலே. இதில் முட்டை இல்லாத சைவ வீடு என்றால் பாலும் தயிரும் பருப்பும் இன்னொரு பங்கு ஏற வேண்டும். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அவர்கள் எவ்வளவு புரதம் எடுக்கலாம் என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நாள்பட்ட சர்க்கரை உள்ளவர்கள் சிறுநீரகத்தை ஒருமுறை சோதித்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

வேறு இரண்டு விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். பி12 வைட்டமின் பால், முட்டை, இறைச்சி போன்ற விலங்கு உணவுகளில்தான் கிடைக்கிறது. வயதானால் இரைப்பை அமிலம் குறைந்து அது உடலில் சேர்வதும் குறைகிறது. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை அதை மேலும் குறைக்கிறது. பாத மரமரப்பையும் மறதியையும் 'சர்க்கரையால்', 'வயசால்' என்று விட்டுவிடாமல் பி12 அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மற்றது தண்ணீர். 1984-இல் நடந்த ஒரு சோதனையில் 24 மணி நேரம் தண்ணீரில்லாமல் இருந்த முதிய ஆண்களுக்கு, அதே அளவு வறண்ட இளைஞர்களைவிடத் தாகம் குறைவாகத்தான் எடுத்தது. தண்ணீர் கொடுத்தபோதும் குறைவாகவே குடித்தார்கள். பல்லடத்து ஏப்ரல் வெயிலில் தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

*

தசை குறைந்திருக்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரி மெஷின் எதுவும் வேண்டாம். இந்த வட்டாரத்தில் டைலர் இல்லாத தெரு கிடையாது, இஞ்ச் டேப் இல்லாத வீடும் குறைவு. டேப்பின் சென்டிமீட்டர் பக்கத்தைத் திருப்பி, கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும், இறுக்காமல். ஆசிய வல்லுநர் குழு 2019-இல் வகுத்த எல்லைப்படி ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்குக் கீழே, பெண்ணுக்கு 33-க்குக் கீழே இருந்தால் சந்தேகப்படலாம். பிறகு ஒரு நாற்காலி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி, செல்போனில் நேரம் பார்க்க வேண்டும். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கால்வலு குறைந்திருக்கிறது. ஜாக்கெட் தோளில் தொளதொளக்கிறது, மோதிரம் நழுவுகிறது, பல் செட் ஆடுகிறது என்று அவர்களே சொல்வதையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்தில் ஐம்பது கிலோவில் இரண்டரை கிலோ தானாக இறங்குவது மருத்துவரைப் பார்க்க வேண்டிய அளவு.

நாற்காலியில் எழுந்து உட்கார்வது சோதனை மட்டுமில்லை, சிகிச்சையும்தான். பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் 1990-இல், சராசரி வயது 90 உள்ள பத்து முதியோர் இல்லவாசிகளுக்கு எட்டு வாரம் கால்களால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். கால்வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியைக் கைவிட்டார்கள். 1994-இல் நூறு பேரிடம் அதைப் பெரிதாகச் செய்தபோது இன்னொன்றும் தெரிந்தது: பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலு கூடவில்லை. கடைசலும் கோழியும் கொடுத்துவிட்டு நாள் முழுக்கக் கட்டிலில் உட்காரவைத்தால் பாதிப் பலன் போய்விடும். முப்பது வருடம் தறிக்கு நடுவே நடந்தே நூல் முடிந்தவருக்கு, வேலையை விட்ட பிறகு ஒருநாளில் எத்தனை அடி நடக்கக் கிடைக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

சாப்பாடும் பயிற்சியும் போக, தனியாகச் சாப்பிடுவது என்ற சிக்கலும் உண்டு. அதைப் பற்றி ஜப்பானில் நிறைய யோசித்திருக்கிறார்கள். டோக்கியோவுக்கு அருகில் உள்ள காஷிவா நகரத்தில் முதியவர்களை 2012 முதல் தொடர்ந்து கவனித்துவரும் டோக்கியோ பல்கலைக்கழகக் குழு, தனியாகச் சாப்பிடுகிறவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருப்பதைக் கண்டது. குடும்பத்தோடு வசித்தும் தனியாகச் சாப்பிடுகிறவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவர்களாகத் தெரிந்தார்கள். பல்லடத்தின் மதியச் சாப்பாட்டை அப்படியே எழுதிவைத்தது போல இருக்கிறது. வீடு நிறைய ஆள் உண்டு. ஒரு மணிக்கு யாரும் இல்லை. ஒற்றை ஆளுக்காக அடுப்பைப் பற்றவைத்து ஒரு முட்டை பொரிக்க யாருக்கும் மனம் வராது.

அரசு முதியவர்கள் பக்கம் பார்க்காமல் இல்லை. 1982-இல் எம்.ஜி.ஆர். குழந்தைகளுக்குத் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் அடுத்த ஆண்டே முதியோர் ஓய்வூதியம் பெறுகிறவர்களையும் சேர்த்தார்கள். ஓய்வூதியம் 2023-இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன, படுக்கையில் கிடப்பவருக்கு இயன்முறைப் பயிற்சியும் வருகிறது. மாத்திரை கொடுக்க வரும் அந்தப் பெண் பணியாளர் பையில் ஓர் இஞ்ச் டேப்பும் இருந்துவிட்டால் கெண்டைக்கால் அளவையும் அதே நோட்டில் குறித்துவிடலாம். பெரிய செலவு இல்லை.

வீட்டில் செய்யக்கூடியது வேளையை மாற்றுவது. மதியம் ஆளில்லாத வேளை என்பது ஷிப்ட் இருக்கும்வரை மாறப்போவதில்லை. காலை ஏழு மணிக்கு எல்லாரும் வீட்டில் இருக்கிறார்கள், அடுப்பும் எரிகிறது. நாளின் கனமான புரதத்தை அந்த வேளைக்கு நகர்த்திவிடலாம்: இட்லியோடு இரண்டு அவித்த முட்டை, அல்லது முதல்நாள் இரவு ஊறவைத்த பயறில் அரைத்த அடை, மேலே கடலைச் சட்னி, ஒரு டம்ளர் பால். முட்டையை உரித்தே தட்டில் வைக்க வேண்டும். மூட்டு வீங்கிய விரலுக்கு ஓடு உரிப்பது பெரிய வேலை. அதற்குச் சலித்துக்கொண்டே "எனக்கு வேண்டாங் கண்ணு" என்று சொல்லிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.